பத்தாவது பேட்டி

நீங்க நம்பமாட்டீங்க, பரவால்ல. பேய் பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா எழுந்து போற ஆளு நான், சர்ச்சுல கூட பின் பெஞ்சுல உக்காந்து போன் நோண்டுறவன். இத பேய்க் கதைன்னும் சொல்ல முடியல. சொல்லவே வெக்கமா இருக்கு, அதான் இத்தன நாள் வாயத் திறக்கல.

ஜொகூர்ல, ஸ்கூடாய் யுனிவர்சிட்டில இங்கிலீஷ் மொழியியல் படிச்சேன், கடைசி வருஷம். ஜொகூர் தமிழ் வீடுகள்ல இங்கிலீஷ் எப்ப வாயில வருது, ஏன் வருது, இதுதான் என் ஆய்வு. பத்து பேர பேட்டி எடுத்து, பேசினத அப்படியே எழுதி, ஆளுக்கு ஒரு சம்மதக் கடிதம் கையெழுத்தோட குடுக்கணும். ஒம்பது பேர் முடிஞ்சுது. பத்தாவது ஆளு உலு திராம்ல இருக்குற ஸ்டெல்லா ஆண்டி, சர்ச்சுல பாத்துப் பேசி வச்சது. தனியா இருக்காங்க, ஒரே மகன், சிங்கப்பூர்ல வேல. சனிக்கிழம காலையில வாங்க தம்பி, பசியாறிட்டே பேசலாம்னாங்க.

நான் போகல. மழையும் இல்ல காய்ச்சலும் இல்ல, வெறும் சோம்பேறித்தனம். ரோட்டுல ஜாம்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டு, படுத்த வாக்குல அவங்க பேட்டிய நானே லேப்டாப்ல கட்டி எழுதிட்டேன். மகன் போன்ல தமிழ்ல பேசிக்கிட்டே இருந்து திடீர்னு இங்கிலீஷுக்கு மாறினா கோவமா இருக்கான்னு அர்த்தம், அப்ப மனசுல இருக்கறத எல்லாம் முழுங்கிட்டு ஓகே ஓகேன்னு மட்டும் சொல்லுவேன்னு அவங்க சொன்ன மாதிரி ஒரு வரியும் சேத்தேன். நல்லா வந்திருக்கேன்னு சந்தோஷம் வேற. கூட தங்கியிருந்த சரவணன வேணும்னா கேளுங்க, அன்னிக்கு முழுக்க நான் ரூம விட்டு நகரல.

ரெண்டு வாரம் கழிச்சு என் ஆய்வப் பாத்துக்குற மேடம் பத்து கடிதமும் கேட்டாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் ஆய்வு செல்லாது, எனக்கு ஒரு வருஷம் போச்சு. எதையாச்சும் சொல்லி கையெழுத்து மட்டும் வாங்கிடலாம்னு, இன்னும் நிரப்பாத சம்மதக் கடிதம் ஒண்ண பையில போட்டுக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல போனேன். பட்டப்பகல், மண்டைய பொளக்குற வெயில். ஆண்டி வெளிய வந்தாங்க, ஆனா கேட்ட திறக்கல, கம்பி வழியாவே பேசினாங்க. பூட்டு சாவி தேட சோம்பல் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

மன்னிச்சிடுங்க ஆண்டி, அன்னிக்கு வர முடியலன்னு ஆரம்பிச்சேன். ஒரு மாதிரி பாத்தாங்க.

“வந்தீங்களே தம்பி. ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசினோம்லா.”

தோச சாப்பிட்டேனாம், ரெண்டாவது டீ வேணாம்னேனாம். மகன் இங்கிலீஷுக்கு மாறினா கோவம்னு சொல்லும்போது அழுதுட்டாங்களாம், நான் ரெக்கார்டிங்க நிறுத்திட்டு அவங்க அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே இருந்தேனாம். இத வேற யார்கிட்டயும் சொன்னதில்ல தம்பின்னாங்க. நம்பினா நம்புங்க, அதுவரைக்கும் அந்த வரிய என்னைத் தவிர யாரும் படிக்கல.

நான் கடிதப் பேச்ச எடுக்குறதுக்குள்ள அவங்களே உள்ள போய் ஒண்ண எடுத்துட்டு வந்து கம்பி வழியா நீட்டினாங்க. அவங்க கையெழுத்து, அதுக்குக் கீழ என் கையெழுத்து. என்னோடதேதான், எவனும் அப்படி காப்பி அடிக்க முடியாது. என் கடிதம் பையில அப்படியே இருக்கு.

அப்பவாவது உண்மையச் சொல்லியிருக்கணும். எனக்கு வந்த நெனப்பு என்ன தெரியுமா? அப்பாடா, வேல முடிஞ்சுது. அத நினைச்சா இன்னிக்கும் என்மேலயே அருவருப்பா இருக்கு. மடிச்சு பையில வச்சுக்கிட்டு தேங்க்ஸ் ஆண்டின்னேன். மோட்டார ஸ்டார்ட் பண்றப்ப கூப்பிட்டாங்க.

“தம்பி, அன்னிக்குக் கெளம்புறப்ப ஏன் அப்படி சொன்னீங்க? அடுத்த தடவ நான் வந்தா இந்தக் கடிதத்த மட்டும் குடுங்க, உள்ள விடாதீங்கன்னு.”

மோட்டார முறுக்கிக்கிட்டு வந்துட்டேன்.

ஆய்வு பாஸ். பத்தாவது பேட்டிதான் உயிரோட்டமா இருக்குன்னு மேடம் பாராட்டினாங்க, நான் தலைய ஆட்டிக்கிட்டேன். இப்ப தம்போயில வேல பாக்குறேன், ஞாயித்துக்கிழம அதே சர்ச்சுதான். ஆண்டி என்னைப் பாத்தா நின்னு, எதையோ தேடுற மாதிரி மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாக்குறாங்க. எப்படி இருக்கீங்க ஆண்டி, மகன் வந்தாரான்னு கேட்டா, ஓகே ஓகேன்னு மட்டும் சொல்றாங்க.