முயலுக்கு விதைத்த பாத்தி

என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்த குளிர்காலத்தில், வீட்டுக்கு வந்த பிறகு அவர் யன்னலடிக் கதிரையை விட்டு எழும்பவே மனமில்லாமல் இருந்தார். நடக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். தோட்டம் கொத்துகிற மண்வெட்டியை மட்டும் இப்போதைக்குத் தொடக்கூடாது என்றார். மனிதர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஏதும் கேட்டால் "ஓம்" என்பார், அவ்வளவுதான். ஒப்பரேஷனுக்கு முன்னர் பயந்ததைவிட அப்போதுதான் நான் கூடப் பயந்தேன்.

அவர் தலை திரும்பியது ஒன்றுக்கு மட்டும். எங்கள் அஜின்கோர்ட் வீட்டின் பின்வளவுக்கு ஒரு முயல் வரும்.

"பாவம், தின்ன ஒண்டுமில்லாமல் மரப்பட்டையைக் கறண்டுது" என்றார் ஒருநாள். அந்த வாரம் அவர் பேசிய மிக நீளமான வசனம் அதுதான்.

என்னோடு வேலை செய்யும் ஒருத்திக்கு ஒஷாவாவுக்கு வடக்கே காணி இருக்கிறது. மானும் முயலும் மேயட்டும் என்றே அதில் ஒரு துண்டில் குளோவர் என்ற தீவனப் பயிரை விதைக்கிறார்கள். உழுவதில்லை, கொத்துவதில்லை. குளிர்காலம் முடிகிற நேரம் உறைந்த நிலத்தில் விதையைத் தூவிவிட்டால், இரவில் இறுகிப் பகலில் இளகும் மண் வெடித்து அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். எனக்கும் ஒரு பை விதை தந்தாள்.

அவருடைய பழைய மிளகாய்ப் பாத்தியில், மெல்லிய பனியின் மேல் நான் தூவிக்கொண்டிருக்க, யன்னல் திறந்தது.

"என்ன விசர் வேலை பாக்கிறீர்? கொத்தாமல் விதைச்சா முளைக்குமே?"

"முளைக்காட்டி வந்து கேளுங்கோ."

அவருக்கு வந்த கோபம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு காலையில் தேத்தண்ணியோடு பாத்தியைப் பார்ப்பார். "முளைக்கேல்லை" என்று திருப்தியாக அறிவிப்பார். பனி கரைந்து பச்சை எட்டிப் பார்த்தபோது மட்டும் வாயே திறக்கவில்லை.

ஒரு பின்னேரம் வேலையால் வந்து பார்த்தால் கதிரை வெறுமையாக இருந்தது. கூப்பிட்டுக்கொண்டே பின்கதவால் ஓடினேன்.

அவர் பாத்தியடியில் குந்தியிருந்தார். நான்கு பக்கமும் தடி நட்டு, கம்பிவலை இழுத்து, நல்ல இறுக்கமாக வேலி அடைத்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், பச்சையைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

"இஞ்சேருங்கோ, முயலுக்கெண்டு விதைச்சதுக்கு முயல் வராமல் வேலி அடைச்சு வைச்சிருக்கிறியளே!"

சிரிப்பும் அழுகையும் எனக்கு ஒன்றாக வந்தன. அவர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சின்னப் பிள்ளையைப் போல வாடிவிட்டது.

"பழக்கதோசம்" என்றார்.

பிறகு கம்பி வெட்டும் குறட்டை எடுத்து, கம்பிவலையின் அடியில் முயல் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு வெட்டினார். ஊரில் நாங்கள் அடுத்த வளவுக்குப் போய்வர வேலியில் விடுகிற அதே ஓட்டை. வெட்டிய கம்பி முனைகள் முயலைக் கீறாதபடி ஒவ்வொன்றாக வளைத்துவிட்டார். எனக்கு அவருடைய நெஞ்சுத் தழும்பு நினைவுக்கு வந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? அந்த யன்னலடிக் கதிரையை இஞ்சை கொண்டுவாரும். உள்ளுக்கிருந்து பாத்தா பொட்டுத் தெரியாது."

வீட்டிலேயே நல்ல கதிரை அது. மழையில் நனையும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனேன்.