தட்டில் ஐந்து பல்செட்

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சிரிப்போம். வம்சச் சிரிப்பு என்று ஊரே மெச்சும். அந்த வம்சத்தைச் செய்தவர் என் பெரியப்பா. பல்செட் செய்வது அவர் தொழில். எனக்கு முன்பல் நான்கு முளைக்கவே இல்லை. வலது காலில் இரண்டு விரல்கள் ஒட்டியிருக்கும். ஆள் நடமாட்டம் பார்த்து அவர் கடையின் பின்கதவு வழியாகப் போனேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பெரியப்பா."

"இந்த வாய் தொறக்காதுடா."

திறக்கவில்லை. என் அப்பா, அத்தை, சித்தப்பா எல்லோரும் அதே கதவில் தனித்தனியாக வந்து அதே சத்தியத்தை வாங்கிப் போனது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ளும் சாக்ஸைக் கழற்றாதது குடும்ப ஒழுக்கம் என்றே நினைத்திருந்தேன்.

பெரியப்பா மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, பிறந்த பெண் குழந்தையின் பாதங்கள் நடுவில் பிளந்திருந்தன. மாசமாக இருந்தபோது அக்கா ஒரு தலைவலி மாத்திரை போட்டிருந்தாள். மாமியார் வீட்டில் அதுதான் காரணம் என்று பிடித்துக்கொண்டார்கள். அவளும் நம்பிவிட்டாள். பிள்ளையின் காலைத் தொடக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

குழந்தையின் மரபணு ஒன்றில் மாற்றம் இருக்கிறது, ஆனால் காரணம் அதுதானா என்று உறுதியாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். குடும்பத்தில் தோல், பல், விரலில் குறை உள்ள மற்றவர்களுக்கும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எங்களை வரிசையாக உட்காரவைத்துக் கேட்டார்.

"எங்க பரம்பரைல அதெல்லாம் கிடையாது" என்றார் அப்பா, அழகாகச் சிரித்து.

"எல்லாருக்கும் முத்து மாதிரி பல்லு டாக்டர்" என்றாள் அத்தை.

நானும் தலையாட்டினேன். வெட்கக்கேடு.

"அப்போ நான் போட்ட மாத்திரைதான்" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

பெரியப்பா எழுந்தார். தன் பல்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். பேத்தியின் பாதம் போலவே பிளந்த பாதங்கள்.

அக்காவிடம் திரும்பினார். "உன் பல்லு ரெண்டும் சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்து போகல கண்ணு. மொளைக்கவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

பிறகு எங்களைப் பார்த்தார். எங்கள் ரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்வை மட்டும் ஒவ்வொருவராக நகர்ந்து வந்தது.

முதலில் அப்பா பல்லையும் சாக்ஸையும் கழற்றினார். "நான் ஒருத்திதான்னு இத்தனை வருஷம் அழுதேனே!" என்று அத்தை கழற்றினாள். பின்னாலேயே சித்தப்பாவும் நானும். நர்ஸ் ஒரு தட்டை நீட்ட, மேஜைமேல் இருந்ததும் சேர்ந்து ஐந்து செட்டும் அதில் கலந்துவிட்டன. எது யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. சித்தப்பா ஒன்றைப் போட்டுப் பார்த்து, "கொஞ்சம் டைட்டா இருக்கே" என்றார். அது அத்தையுடையது.

டாக்டர் சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார். "ரத்தம் குடுத்துட்டுப் போங்க, ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகும். ஆனா இத்தனை காலைப் பார்த்தப்புறம் ஒண்ணு சொல்றேம்மா. மாத்திரை காரணமில்ல."

அக்கா தரையில் உட்கார்ந்து, குழந்தையின் பாதத்தைப் பெரியப்பாவின் பாதத்தோடு ஒட்டிவைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பிஞ்சுக் காலுக்கு முதல் தடவையாக முத்தம் கொடுத்தாள்.

"இனிமே வீட்ல சாக்ஸ் போடாதீங்கப்பா" என்றாள்.