கேட்டதைச் சொல்லக்கூடாது

சுவிஸில் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையின் வானொலி இந்த வசந்தத்தில் ஊமையாகிவிட்டது. ஊமை என்பதும் சரியில்லை. அவர்கள் இன்னும் பேசுகிறார்கள், வெளியாளுக்குக் கேட்காதபடி பூட்டிவைத்துப் பேசுகிறார்கள். பொலிஸ் எப்போதோ அப்படி மாறிவிட்டது. இப்படியான வானொலிப் பேச்சைப் பிடித்துக் கேட்கும் என் கையடக்க ஸ்கேனரில் இனி விமானிகளின் பேச்சு மட்டும்தான் மிச்சம்.

அலைவரிசை தேடிக் கேட்கும் எங்கள் சிறு கூட்டத்தில் ஓய்வுபெற்ற டிராம் மின்திருத்துநர் ஒருவர் இருக்கிறார், சுவிஸ்காரர். "இந்தப் பெட்டிகள் இனி நிலவறைக்குத்தான்" என்று துக்கத்தோடு சொன்னார். இளையவர்கள் கணினியில் வேறு வழி தேடுகிறார்கள். பூட்டியதைத் திறக்க முடியாது, முயன்றால் குற்றம் என்று அவர்களையும் அடக்கினார். நான் சேர்ந்த அன்று எனக்கு அவர் சொன்னதும் சட்டம்தான்: "கேட்கலாம். கேட்டதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது."

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்த காலம், பள்ளிக்கூடம் இருந்தால்தானே போக. சட்டம் என்றால் எனக்குப் பயம். உண்மையில் எல்லாவற்றுக்கும் பயம். ஒரு சைரன் போனால் என் பிள்ளை ஏறிய பஸ்ஸோ என்று யன்னலுக்கு ஓடுவேன். ஸ்கேனர் வாங்கியதே அதற்காகத்தான். எங்கே, என்ன என்று தெரிந்தால் மூச்சு விடலாம்.

பேர்ணுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. தொப்பிக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்திருப்பேன். பாட்டு என்று ஷெஃப் நினைத்தார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். என்னோடு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். அவளுடைய வீடு இல்லத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம்.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியிருக்கும். யாருக்காவது இதயம் நின்றால் ஆம்புலன்சுக்கு முன்னால், அதை மறுபடி இயக்கும் கருவியோடு ஓடுவது எங்கள் ஊரில் தீயணைப்புக்காரர்தான். காதுக்குள் அவளுடைய தெருவின் பெயரைச் சொன்னார்கள். பிறகு அவள் இருக்கும் கட்டடத்தின் எண். மூன்றாம் மாடி, ஆண். "அழைத்தவர் இப்போது பதில் சொல்லவில்லை."

அவளுடைய கணவர் முதுகு நோவென்று அந்த வாரம் லீவில் வீட்டில் இருந்தார். அவர்களுடைய மாடியில் இருந்த எதிர்வீடு காலி.

அவள் எனக்குப் பக்கத்தில் கரட் வெட்டிக்கொண்டு நின்றாள். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் சுவிஸ் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது, தீயணைப்புப் படையை நடத்தும் அதே ஊராட்சியின் மேசையில் கிடந்தது. வேறு யாராகவும் இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எப்படியும் அவளுக்கு ரெலிபோன் வரும்தானே.

அவளிடமிருந்து கத்தியை வாங்கினேன்.

"நீ இரு தங்கச்சி. தேத்தண்ணி குடி. நான் வெட்டுறன்."

"என்ன அண்ணை, இண்டைக்கு ஷெஃபா வந்திட்டியளோ?" என்று சிரித்தாள்.

ரெலிபோன் வர அரை மணித்தியாலம் ஆனது. சமையலறைச் செருப்போடு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கருவியை மூடிக்கொண்டிருந்தார்களாம்.

செத்தவீட்டில் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள். "பத்து நிமிசத் தூரம். தெரிஞ்சிருந்தா ஓடிப்போய்க் கையையாவது பிடிச்சிருப்பன்." நான் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். பிறகு வந்த மாதங்களில் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அலைவரிசை மாறப்போவதை நினைத்துக் கவலைப்பட்டார்கள். நான் எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி அடங்கினால் நானும் அடங்குவேன் என்று ஒரு நினைப்பு.

மாறிய வாரம், இடைவேளையில் பின்வாசலில் இருந்தோம். பழக்கத்தில் இயர்போனை மாட்டியிருந்தேன். அவள் கையை நீட்டினாள்.

"அந்தப் பாட்டை ஒருக்காத் தாங்கோ."

கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

"ஒண்டும் கேக்கேல்லையே."

"மாத்திப்போட்டினம். இனி வராது."

"அண்டைக்கு வந்ததுதானே?"

நான் பையிலிருந்த பெட்டியை நிறுத்தினேன்.

"ரெலிபோன் வர முதலே கத்தியை வாங்கினீங்கள் அண்ணை. அஞ்சு மாசமா அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"சட்டம் தங்கச்சி... சொல்லக்கூடாது எண்டு..."

"பிரஜாவுரிமை கிடைச்சிட்டுதோ?"

"ஓம்."

இயர்போனை ஏப்ரனில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னோடு ஜெர்மனில்தான் கதைக்கிறாள். உப்பு எங்கே, தட்டு போதுமா, அவ்வளவுதான்.