உள்கயிறு இல்லாத பெட்டி

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் என் பட்டறைக்கு வந்து, சுவரில் மாட்டியிருக்கும் அந்த உடைந்த பலகையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் "வேற வேலைவெட்டி இல்லையா?" என்று கேட்கிற ஆள் நான். இன்றைக்கும் என் வாய் அப்படித்தான். அந்தப் பச்சை ஜீப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

பட்டறை எனக்கும் என் தம்பிக்கும் சொந்தம். காடு மலை என்று சுற்றுகிறவர்களின் ஜீப்புகளுக்குப் பின்பக்கத்தில் பெட்டி செய்து கொடுக்கிறோம். வெல்டிங் அவன். பலகை, ஃபோம், கார்பெட் எல்லாம் நான். அதிகம் பேர் கேட்பது ரகசியப் பெட்டிதான். வண்டியின் பின்தளத்துக்கு அடியில் இருக்கும். மேலே கார்பெட் விரித்துவிட்டால் அங்கே பெட்டி இருப்பதே தெரியாது.

திருடனும் லேசுப்பட்டவன் இல்லை. தளத்தைத் தட்டிப் பார்ப்பான். 'டங்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் கடப்பாரையை எடுத்துவிடுவான். அதனால் பெட்டிக்குள் முழுக்கக் கனமான ஃபோம் ஒட்டுவோம். வேலை முடிந்ததும் மூடியை மூடி, நானே தட்டிப் பார்ப்பேன். 'தப்' என்று செத்த சத்தம் வர வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கிற எந்தச் சத்தமும் வெளியே வராது. இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஜீப்பைக் கொண்டுவந்தவர் ஒரு கேமராக்காரர். காட்டு மிருகங்களைப் படம் எடுப்பவர். வண்டியை செகண்ட் ஹேண்டில் அப்போதுதான் வாங்கியிருந்தார். நீளமான லென்ஸ்கள் வைக்க நாலடிப் பெட்டி வேண்டும் என்றார்.

"இதுல ஒரு ஆளே படுக்கலாம் போலிருக்கே சார்."

"ஆள் எதுக்கும்மா? கேமரா படுத்தாப் போதும்" என்று சிரித்தார்.

பழைய கார்பெட்டை உரித்தேன். டேப் பிடித்து, போல்ட் போட நாலு இடம் குறித்தேன். குறித்த நாலு இடத்திலும் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். யாரோ இதே அளவில், இதே இடத்தில், ஒரு பெட்டி வைத்துக் கழற்றியிருக்கிறார்கள்.

"நமக்கு ஓட்டை போடுற வேலை மிச்சம்க்கா" என்றான் தம்பி. சோம்பேறிக்கு எதிலும் லாபம்தான் தெரியும்.

பெட்டியை இறக்கி, ஃபோம் ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் மூடியின் உள்பக்கத்தில் ஒரு மூலை மட்டும் பிய்ந்திருந்தது. மலிவுப் பசை வாங்கி வந்ததற்காகத் தம்பியை வாங்கு வாங்கென்று வாங்கினேன். நல்ல பசை வந்தது. அதற்கு மறுநாளும் அதே மூலை. என் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. துகள் துகளாகப் பிய்த்துப் போட்டிருந்தது. எலி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் எலி என்றால் என் மகளும் சேர்த்திதான். ஆறு வயது. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள். சுண்டெலி என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு அந்தப் பெட்டி ரொம்பப் பிடித்துவிட்டது. மெத்துமெத்தென்று இருக்கிறதாம். ரெண்டு தடவை காதைத் திருகி வெளியே இழுத்துப் போட்டேன்.

"மூடிக்கிச்சுன்னா உள்ளேருந்து தொறக்க முடியாதுடி. பொத்தான் வெளியே இருக்கு."

"நீ தொறப்பல்ல?"

"நான் பாக்கலைன்னா?"

"உன்னைக் கூப்பிடுவேன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

அடுத்த நாள் சாயங்காலம் பேய்மழை. கரண்ட் போய்விட்டது. பெட்டியின் மூடிக்கு எலெக்ட்ரிக் பூட்டு வைத்திருந்தோம். மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளித்துவைத்த பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு வண்டியின் பேட்டரி வேண்டும். பேட்டரி செத்துக் கிடந்ததால் தம்பி அதைக் கழற்றி சார்ஜ் போட எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

விளக்கு எடுக்கப் பின் அறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்துதான் வைத்துவிட்டுப் போனேன். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். திரும்பி வந்தால்… மூடி மூடியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறே முக்கால்.

கனத்தில் தானாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பழக்கதோஷம், கை தானாகத் தட்டிப் பார்த்தது.

தப். தப். தப்.

உள்ளே இருந்து பதில் வந்தது.

தப்… தப்… தப்…

"சுண்டெலி?"

மேஜைமேல் அவளுடைய பாடப்புத்தகம் விரித்தபடி கிடந்தது. பை இருந்தது. அவள் இல்லை.

பெட்டிக்குள் இருப்பாள் என்று நம்ப மனசு ஒப்பவில்லை. பக்கத்துக் கடையில் இருப்பாள், மழையில் ஆடுவாள் என்று வாசலுக்கு ஓடினேன். தெருவைப் பார்த்துக் கத்தினேன்.

"பாப்பா… எங்கடி இருக்க?"

முதுகுக்குப் பின்னால், ஜீப்பிலிருந்து…

"இங்கதாம்மா இருக்கேன்…"

தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல். அத்தனை ஃபோமைத் தாண்டி அது எப்படிக் கேட்டது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

பொத்தானை அழுத்தினேன். பேட்டரி இல்லையே… தம்பிக்கு போன் அடித்தேன். போன் மேஜைமேலேயே அலறியது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், படுபாவி. அறுக்கிற மெஷினை எடுத்தேன். கரண்ட் இல்லை.

சுத்தியலும் உளியும்தான் மிச்சம்.

முக்கால் இஞ்சுப் பலகை. யாராலும் உடைக்க முடியக் கூடாது என்று நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. அடித்தேன். அசையவில்லை.

"பயப்படாத கண்ணு. அம்மா வந்துட்டேன்."

"மூச்சு முட்டுதும்மா…"

"இதோ… இதோ…"

"வண்டிய நிறுத்தச் சொல்லும்மா…"

உளி கையில் அப்படியே நின்றுவிட்டது.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. இஞ்சின் இல்லை. பேட்டரி இல்லை. நாலு நாளாக ஒரே இடத்தில்…

"நிறுத்தச் சொல்லும்மா…"

வெறி பிடித்தவள்போல் அடித்தேன். விரல் நசுங்கியது.

உள்ளே தட்டுகிற சத்தம் குறைந்தது.

தப்…

தப்…

நின்றுவிட்டது.

பலகை பிளந்தது. விளக்கைக் காட்டினேன்.

காலி.

"ஏம்மா ஒடைக்கிற?"

வாசலில் என் மகள். தம்பியின் மழைக்கோட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் கையில் பேட்டரி.

"நீ பசை கலக்கிட்டிருந்தக்கா. குரல் குடுத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றான். அவனை ஒரு அறை விட்டேன். அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். உடைந்த பலகையைத் தம்பி புரட்டிப் பார்த்தான். மத்தியானம் முழுசாக இருந்த ஃபோம் உள்பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. எல்லாம் சின்னச் சின்ன நகக் கீறல்.

கேமராக்காரரிடம் எதையும் மறைக்கவில்லை. "உள்ளேருந்து இழுத்தா மூடி தொறக்கிற மாதிரி ஒரு கயிறு வெப்பேன். சம்மதம்னா புதுசா செஞ்சு தரேன். இல்லைன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிடுங்க சார்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். சிவப்புக் கயிறு வைத்துச் செய்து கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரே போன் செய்தார். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

"அம்மா, ராத்திரி பூட்டிட்டுத்தான் படுக்கறேன். காலையில மூடி தொறந்து கெடக்குது. கயிறு இழுபட்டிருக்கு."

மேஜையில் எழுதிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"வண்டிய வித்த புரோக்கரப் புடிச்சு விசாரிச்சேன். முதல்ல வெச்சிருந்தவரும் இதே மாதிரி பெட்டி செஞ்சிருக்காரு. அவருக்கு ஒரு பொண்ணு. அஞ்சு வயசு. ஒளிஞ்சு விளையாடப் போனது…"

"எப்பப் பாத்தாங்க?"

"மறுநாள் காலையில. அதுவரைக்கும் அப்பாவும் அம்மாவும் ராத்திரி முழுக்கத் தெருத்தெருவா தேடியிருக்காங்க. அந்தம்மா ஜன்னல்ல தலைய நீட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போனாங்களாம்."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"எந்த வண்டியில சார்?"

"இதே ஜீப்லதாம்மா" என்றார்.