கரியன் போயாச்சு

வெள்ளையில் பதினாறு வெள்ளை இருக்கிறது என்று பல்லக்கா சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். உடனே மேஜை இழுப்பறையைத் திறந்து, கம்பியில் கோத்த பீங்கான் பற்களை விசிறி மாதிரி விரித்துக் காட்டுவாள். இது சிகரெட் பிடிக்கிறவருடைய வெள்ளை, இது காபியே கதி என்று கிடக்கிறவருடைய வெள்ளை, இது ராத்திரி பல் தேய்க்கச் சோம்பல்படுகிறவருடைய வெள்ளை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த வாய்க்குப் பொருந்துகிற பல்லைச் செய்து கொடுப்பது அவள் தொழில். முப்பது வருஷமாகச் சின்ன அறையில், குனிந்த விளக்கின் கீழே, சுற்றுகிற கல்லில் பல்லைத் தேய்த்துத் தேய்த்து, ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பைச் செய்தவள் அவள்தான். மீதிப் பாதி சிரிக்கவே சிரிக்காத கேஸ்கள்.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சும்மா உட்கார முடியுமா? வேலை முடிந்ததும் பல்லக்கா மூன்றாம் மாடி பால்கனியில் போய் நிற்பாள். வானத்தில் உழவாரன் என்கிற பறவைகள் சுற்றிக்கொண்டிருக்கும். மரத்தில் உட்காராது, கம்பியில் உட்காராது, தரையில் இறங்காது. பறந்துகொண்டே தின்னும், பறந்துகொண்டே தூங்கும். முட்டையிட மட்டும் சுவர்ப் பொந்து வேண்டும். அந்தப் பழைய நான்கு மாடிக் கட்டடத்தின் ஓட்டுக்கூரைக்கும் சுவருக்கும் நடுவில் அதற்கு வேண்டிய இடுக்குகள் தாராளமாக இருந்தன. குடியிருப்பவர்களைவிட உழவாரன்கள் அதிகம், வாடகை கேட்பாரில்லை.

அவற்றில் இரண்டு ஜாதி. பறவைப் புத்தகத்தில் நீளமாக என்னென்னவோ பேர் போட்டிருந்தது. பல்லக்கா ஒன்றுக்குக் கரியன் என்றும் மற்றதற்குப் பழுப்பன் என்றும் வைத்து, அதோடு விஷயத்தை முடித்தாள். வானத்தைப் பின்னால் வைத்துப் பார்த்தால் இரண்டுமே கருப்புதான். அப்படிப் பார்த்துவிட்டு இன்னது என்று அடித்துச் சொல்கிறவன் புளுகுகிறான் என்பது அவள் கட்சி. வெயில் சாய்ந்திருக்க வேண்டும், பறவை எதிர்க் கட்டடத்தின் நிழல் சுவரை ஒட்டிக் கடக்க வேண்டும். அப்போது பார்த்தால் பழுப்பன் பால் குறைந்த டீ நிறம். தொண்டையில் அகலமான வெள்ளை, வயிற்றில் செதில் செதிலாகக் கோடு, இறக்கை நுனி கொஞ்சம் மொண்ணை. கரியன் உடம்பெல்லாம் ஒரே கரி. தொண்டையில் சின்னதாக ஒரு வெள்ளை, நுனி கத்தி மாதிரி கூர். இதையெல்லாம் சரிபார்த்து முடிப்பதற்குள் பறவை அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அதனால் அவள் காதைத்தான் பெரிதாக நம்பினாள். கரியன் கத்தினால் ஊசி மாதிரி மெலிசாக, நீளமாக, உச்சியில் போகும். பழுப்பன் அதைவிடத் தாழ்த்தி, கரகரவென்று, இரண்டாக மடித்துக் கத்தும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு துணி உலர்த்தும்போதே, "கரியன் ரெண்டு, பின்னாடி பழுப்பன் ஒண்ணு" என்பாள்.

இதையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிற வீட்டுக்காரருக்கு இன்னும் எல்லாமே குருவிதான். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். சாதுவான மனிதர். அவர் ஒரு தடவை காற்றில் போன கருப்பு பிளாஸ்டிக் பையைக் காட்டி, "அது கரியன்தானே?" என்று கேட்டதைப் பல்லக்கா சொந்தபந்தம் ஒருவர் விடாமல் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்த வருஷம் மழை கொஞ்சம் முந்திக்கொண்டது. நான்காம் மாடியில் புதிதாகத் தாயான டீச்சர் குடியிருந்தாள். அவள் படுக்கையறையின் பின்சுவரில் தண்ணீர் இறங்கி, தொட்டில் போட்ட மூலை பூசணம் பூத்துவிட்டது. கூரை இடுக்கைப் பூசி அடைத்தால்தான் நிற்கும். கட்டடத்துச் செயலாளர் எல்லோரையும் மாடிப்படியில் கூட்டி வைத்துப் பேசினார். பிள்ளையும் முக்கியம், பொந்துக்குள் இருக்கிற குஞ்சும் பாவம், என்ன செய்யலாம் என்று அவர் கையைப் பிசைந்தார்.

பல்லக்கா சுலபமாக வழி சொன்னாள். "பின்பக்கத்துல இருக்கறது எல்லாம் கரியன். அவன் சீக்கிரம் வருவான், சீக்கிரம் கிளம்புவான். முன்பக்கம் பழுப்பன், அவன் ரெண்டாவது தடவையும் முட்ட வச்சு, சாவகாசமாத்தான் போவான். கரியன் போனதும் பின்பக்கத்த மட்டும் பூசிடுங்க. முன்பக்கம் அப்புறம் பாத்துக்கலாம்."

"போயாச்சுன்னு எப்படி தெரியும்?" என்று கேட்டார் செயலாளர்.

"நான் சொல்றேன்."

"அப்ப சரிக்கா. நீங்க சொல்ற அன்னைக்குத்தான் கொத்தனாரு சாரம் கட்டுவாரு."

டீச்சர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "சீக்கிரம் சொல்லுங்கக்கா, இவனுக்கு மூக்கடைப்பு விடவே மாட்டேங்குது" என்றாள். பல்லக்காவுக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தது. அவள் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையை நம்பி ஒரு பக்கம் கைக்குழந்தை, இன்னொரு பக்கம் பொந்துக்குள் என்ன இருக்கிறதோ அது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பால்கனியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மேகம் மூடிய வானம், நிறம் பார்க்க வழியில்லை. ஆனால் கேட்டதெல்லாம் கரகரப்புக் குரல் மட்டும். ஒரு வாரம் பார்த்தாள். ஊசிக் குரல் ஒன்றுகூட வரவில்லை. கரியன் போயாச்சு என்று செயலாளருக்குப் போன் போட்டுச் சொன்னாள். மறுநாளே சாரம் ஏறியது.

வீட்டுக்காரர் அன்றைக்குச் சாயங்காலம் டீயும் கையுமாகப் பால்கனிக்கு வந்தவர், முகத்தைச் சுளித்தார்.

"அப்பப்பா, என்ன கத்து கத்துது. காதக் கிழிக்குது."

"பழுப்பன் அப்படித்தான் கத்தும்."

"எனக்குப் பேரெல்லாம் தெரியாதும்மா. பெல்ட்டு வழுக்கினா மெஷினு கீச்சுன்னு கத்துமில்ல, அது மாதிரி ஒண்ணு. எண்ண போடாத பெடல் மாதிரி கரகரன்னு இன்னொண்ணு. ரெண்டும் கேக்குது."

"உங்களுக்கா?" பல்லக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "பிளாஸ்டிக் பைக்குப் பேரு வச்சவரு வந்துட்டாரு. கரியன் போய் ஒரு வாரமாச்சுங்க. பேசாம டீயக் குடிங்க."

அவர் பேசாமல் டீயைக் குடித்தார். வாதாடுகிற வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

மறுநாள் காலையில் கொத்தனார் வேலை ஆரம்பித்துவிட்டார். பல்லக்கா வேலைக்குக் கிளம்பும் முன் எப்படிப் பூசுகிறார் என்று பார்த்துவிட்டுப் போகலாமே என்று நான்காம் மாடிக்கு ஏறினாள். படிக்கட்டு ஜன்னலிலிருந்து பின்சுவர் கைக்கெட்டுகிற தூரம். வெகு நாளைக்குப் பிறகு மேகம் விலகி, இளவெயில் சுவரில் சாய்வாக விழுந்திருந்தது. பூச்சு ஈரம் காயாமல் மினுமினுத்தது. செயலாளரும் டீச்சரும் முன்பே வந்து நின்றிருந்தார்கள்.

அப்போது ஒரு உழவாரன் நேராகப் பறந்து வந்து ஈரப் பூச்சில் மோதியது. விலகிச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து மோதி, அதே இடத்தில் நகத்தால் கவ்வித் தொங்கியது. பல்லக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பார்க்கவே வேண்டியதில்லை, அவ்வளவு பக்கம், அவ்வளவு வெயில். உடம்பெல்லாம் கரி. இறக்கை நுனி கூர். தொண்டையில் சின்னதாக வெள்ளை. இரண்டு மூன்று பறவைகள் அதன் தலைக்கு மேல் சீறிக்கொண்டு போயின, அவையும் கரி. சுவரில் தொங்கியது வாயைப் பெரிதாகத் திறந்திருந்தது. தொண்டை படபடவென்று துடித்தது.

டீச்சர் சட்டென்று குழந்தையின் காதைப் பொத்தினாள். செயலாளர் தோளைக் குறுக்கிக்கொண்டு, "யப்பா, என்னா சத்தம்!" என்றார்.

பல்லக்காவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. குழந்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கீழே யாரோ பைக்கை உதைப்பது கேட்டது. கண்ணெதிரே வாயைப் பிளந்து அலறுகிற பறவை மட்டும் ஊமையாக இருந்தது.

பல்லக்கா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி ஒரு கத்து கத்தினாள். "கொத்தனாரே! நிறுத்துங்க! பூசினத எடுங்க!"

"ஏம்மா? இப்பத்தானே பூசினேன்?"

"உள்ள குஞ்சு இருக்கு!"

"போயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" கரணையை நீட்டிக்கொண்டு கேட்டார் கொத்தனார். நியாயமான கேள்வி. செயலாளரும் டீச்சரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சமாளித்திருக்கலாம். பிந்திப் போகிற கரியன் ஒன்றிரண்டு எந்த வருஷமும் உண்டு என்று ஒரு வரியில் தப்பித்திருக்கலாம், பொய்யும் ஆகாது. பல்லக்கா அதைச் செய்யவில்லை. "பறவ போகல. என் காதுதான் போயிருக்கு. எடுங்க சீக்கிரம்!" என்றாள்.

கொத்தனார் கரணையைப் போட்டுவிட்டு விரலாலேயே சாந்தை வழித்தார். பொந்தில் காதை வைத்தவர் சிரித்துவிட்டார். "அடேயப்பா, உள்ள பெரிய சண்டையே நடக்குது!" டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று குஞ்சுகள், இறகு பாதி முளைத்து, திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தன. பக்கத்துப் பொந்தில் இன்னும் இரண்டு. பூசிய மற்ற இடுக்குகளையும் அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், அவை காலி.

அன்றைக்குப் பல்லக்கா வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அஞ்சு உசுரு. உயிரோட வச்சுப் பூசியிருப்பேன். நீங்க சொன்னீங்க, நான் சிரிச்சேன்."

வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லவும் தெரியாது. "ஒண்ணும் ஆகலையே. ஆகலதானே?" என்று அதையே இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டு, எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். அப்புறம் மாவு இல்லை என்று தெரிந்து இறக்கி வைத்தார்.

அந்த வாரமே காது பரிசோதனைக்கும் அழைத்துக்கொண்டு போனார். சோதித்த பெண் கோடு போட்ட தாளைக் காட்டி, பேச்சு நன்றாகவே கேட்கிறது, உச்சியில் இருக்கிற சத்தங்கள் மட்டும் இரண்டு காதிலும் இல்லை, பல் தேய்க்கிற கல்லின் இரைச்சலை இத்தனை வருஷம் பக்கத்திலேயே வைத்துக் கேட்டதுதான் காரணமாக இருக்கும், வயசும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள்.

"அப்ப கரியன் இனிமே கேக்கவே கேக்காதா?"

"யாரு, உங்க பையனா?"

"இல்லம்மா, குருவி" என்றார் வீட்டுக்காரர்.

டீச்சர் வீட்டுக் கூரைக்குப் பொந்துகளை மறைக்காமல் தார்ப்பாய் விரித்துக் கட்டினார்கள். தொட்டில் முன்னறைக்கு வந்தது. குஞ்சுகள் கிளம்பும்வரை பொறுத்துக்கொள்வதாக டீச்சரே சொல்லிவிட்டாள். ஆனால் இந்தத் தடவை நாள் குறிப்பது யார்? செயலாளர் நாசூக்காகத் தலையைச் சொறிந்தார். பல்லக்கா கொஞ்சமும் தயங்காமல் வீட்டுக்காரரைக் கைகாட்டினாள்.

"இவரு கேப்பாரு. பேரு சொல்ல வேண்டாம். பெல்ட்டா, பெடலா, அத மட்டும் சொன்னா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அப்படியே நடந்தது. சாயங்காலமானால் இரண்டு பேரும் பால்கனியில் நின்றார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பெல்ட்டு. இன்னொரு பெல்ட்டு. இப்ப பெடலு" என்று பொறுப்பாக ஒப்பிப்பார். அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் சொல்வதும் சுவரை ஒட்டிக் கடப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். ஒத்துப்போயிற்று. ஒரு தடவைகூட அவர் தப்புச் சொல்லவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு, இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஒரு நாள் அதை அவரிடமே சொன்னாள். அவர், "தெரியாதுதான். சத்தம் கேக்குது, அவ்வளவுதான்" என்றார்.

ஒவ்வொரு குஞ்சாகக் கிளம்பியது. கடைசிக் குஞ்சு கிளம்பிய சாயங்காலம் டீச்சர் குழந்தையோடு நான்காம் மாடிப் படிக்கட்டு ஜன்னலில் நின்றாள். செயலாளர் கீழே முற்றத்தில் அண்ணாந்து பார்த்தார். பால்கனிகளில் அங்கங்கே தலைகள். குஞ்சு பொந்தின் வாயில் வந்து வெகுநேரம் எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு விழுந்தது. தரைக்கு வந்துவிடும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டபோது இறக்கையை விரித்து, வளைந்து மேலே ஏறி, சுற்றிக்கொண்டிருந்த நாலைந்து கரியன்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. கூட்டம் பல்லக்காவின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தபடி கடந்து போயிற்று.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கத்துதா?"

"கத்துது."

"எப்படி? சொல்லுங்க."

"பெல்ட்டு மாதிரிதான்."

"அது தெரியும். எப்படிக் கத்துதுன்னு கத்திக் காட்டுங்க."

வீட்டுக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். கடையில் வாடிக்கையாளரிடம் கூலி கேட்கவே குரல் எழும்பாத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, கழுத்தை நீட்டி, கட்டடம் முழுக்கப் பார்க்க ஒரு கத்து கத்தினார். டீச்சரின் குழந்தை திடுக்கிட்டது. செயலாளர் உழவாரன்களை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

பல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "அது பழுப்பன்ங்க."

அவர் மூச்சை நன்றாக இழுத்து, குரலை இன்னும் மேலே ஏற்றி, முகம் சிவக்க மறுபடியும் கத்தினார். அது அவளுக்கு நன்றாகக் கேட்டது.