சுவரைப் பார்த்து நின்றவர்

அரியலூர் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது ரவுட்டரை அமைத்துக்கொடுக்க ஒருவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. எந்தப் பொத்தானை அழுத்தும் முன்பும் "முருகா" என்பார். துபாயிலிருந்த கணவருடன் பேசத்தான் இணைப்பு வாங்கினோம். ஆனால் தவழும் மகன் நாளைக்கு அதில் எதைப் பார்ப்பானோ என்று எனக்கு இப்போதே பயம்.

"கெட்டது எதுவும் வராம தடுத்துடுங்க தம்பி."

"தடுத்துடலாங்க்கா. என்னென்ன வார்த்தை வரக்கூடாதுன்னு இதுல அடிக்கணும்."

மடிக்கணினியை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை அவர் பக்கமே தள்ளினேன்.

"நீங்களே அடிங்களேன்."

"ஐயோ, நீங்க அடிங்கக்கா" என்று எழுந்துபோய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, அந்தச் சுவத்துல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலிங்கம்மா. அதுக்குத்தான் நிக்கிறேன்."

நான் ஒரு வார்த்தையைப் பாதி அடித்து, மாமியார் பார்ப்பாரோ என்று உடனே அழித்தேன். பிறகுதான் தோன்றியது.

"எல்லாத்தையும் மூடிட்டு, அவரோட பேசுறதை மட்டும் விட முடியுமா?"

"முடியுங்க்கா!" என்று சட்டெனத் திரும்பினார். "முருகா" என்று அழுத்தினார். தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அதற்கு முன் எத்தனை வீட்டுச் சுவர்களைப் பார்த்து நின்றாரோ, பாவம்.