டிவிக்குச் சுற்றிப் போட்ட திருஷ்டி

போன வாரம் சுவரில் மாட்டியிருந்த டிவி இருண்டுபோனது. ரிப்பேருக்கு வந்த பையன் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பேனல் பூட்ச்சிக்கா, புச்சு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பரண்மேல் ஏறி, கறுப்பு டேப் சுற்றிய என் பழைய செம்புக் கம்பி வளையத்தை இறக்கித் துடைத்து வைத்தேன். பயன் ஒன்றுமில்லை, வீம்புதான்.

அந்த டேப் வாசனை இருக்கிறதே, நேராக மயிலாப்பூரில் கொண்டுபோய் விட்டது. தொண்ணூறுகளில் சாந்தோமிலிருந்து சைக்கிளில் போய்க் கலர் டிவி ரிப்பேர் செய்த ஒரே பெண் நான்தான். இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், யாரும் மறுத்ததில்லை.

குளத்தங்கரைப் பக்கம் ஒரு மாமி வீட்டில் பிக்சர் டியூப் போய்விட்டது. முன்பே பதிவு செய்த அவர் மகளின் வீணைக் கச்சேரி அன்று சாயங்காலம் முதல்முறையாக டிவியில் வருகிறது. சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் கூடியாயிற்று. ஆழ்வார்பேட்டையில் போர்டு கருகிக் கிடந்த ஒரு செட்டிலிருந்து நல்ல டியூபைக் கழற்றப் போனேன். பிளக்கைப் பிடுங்கினாலும் டியூபுக்குள் மின்சாரம் தேங்கியிருக்கும். எர்த் ஒயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தேன். பட்டென்று ஒரு பொறி, அதன் பிறகுதான் கை வைத்தேன். உள்ளே காற்றில்லாத கண்ணாடி, கழுத்தில் இடித்தால் வெடிக்கும். கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வந்தபோதெல்லாம் ஆட்டோக்காரரைத் திட்டினேன்.

"இன்னாம்மா, உள்ள கொயந்தயா கீது?"

"அதுக்கும் மேல."

மாட்டியதும் படம் வந்தது. ஆனால் திரையெல்லாம் பச்சைத் திட்டு, டியூபில் காந்தம் ஏறியிருந்தது. அதை எடுக்கத்தான் இந்த வளையம். மின்சாரம் கொடுத்து, திரைக்கு முன்னால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். தூரம் போன பிறகுதான் அணைக்கலாம்.

"ஏண்டிம்மா, டிவிக்கு திருஷ்டி சுத்தறயா?" என்றார் மாமி. கூடமே சிரித்தது.

நிறங்கள் சுழல்வதைப் பார்த்துப் பயந்த மாமா, பாதியில் வளையத்தின் சுவிட்சை அணைத்துவிட்டார். திரை நடுவே பெரிய ஊதாத் திட்டு விழுந்து நின்றது. மூலையில் நின்ற மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கச்சேரி தொடங்கும் நேரம்.

"மாமா, கைய எடுங்க. சுவிட்ச நான் பாத்துக்கறேன்."

மறுபடி சுற்றினேன். நடையை அவசரப்படுத்தவில்லை. சமையலறை வாசல்வரை பின்னால் நடந்து அணைத்தேன். திரையில் வீணையோடு அந்தப் பெண். மூலையில் நின்றவளும் அவளும் ஒரே மாநிறம்.

மாமி திரையைத் தொட்டு வழித்து, நெற்றியோரம் விரல் மடக்கி நெட்டி முறித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் கன்னத்தையும் வழித்தார்.

"உனக்கும்தாண்டி கண்ணு பட்டிருக்கும்."

படபடவென்று முறிந்தது. பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போதைய டிவியில் டியூபும் இல்லை, திட்டும் இல்லை, சுற்ற வேலையும் இல்லை. கெட்டால் குப்பைக்குப் போகிறது. பாவம், அந்தப் பையனுக்கு எந்த மாமியும் நெட்டி முறிக்கப் போவதில்லை.